ஸ்டாஷா தொங்கவிட்ட கத்திப்பிடி

என் தங்கை ஸ்டாஷாவை அடக்கம் செய்த அன்று மதியம், தேவாலயக் கூடத்தில் சாப்பாடு முடிந்ததும் அவள் புருஷன் ஆரின் நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தான். யாரும் அவனை அடுக்கச் சொல்லவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தேன்.

"விடு மாப்ளே. அதுக்கு ஆள் இருக்கு."

"சரி," என்றான். நான் கையை எடுத்ததும் அடுத்த நாற்காலியை மடக்கினான்.

அன்று அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மறுநாளும் இல்லை, அந்த மாதம் முழுக்க இல்லை. அதிர்ச்சியில் இருக்கிறான், தானாக உடையும் என்று ஊர் சொன்னது. நானும் பொறுத்துப் பார்த்தேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கம்மி.

ஸ்டாஷா செத்தது அக்டோபரில், மளிகைக் கடை வாசலில், தள்ளுவண்டியைப் பிடித்தபடி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். வண்டியில் முட்டைக்கோசும் பன்றிக்கறியும் இருந்தன. நான்தான் போய் ஆரினிடம் சொன்னேன். கராஜில் கத்தி தேய்த்துக்கொண்டிருந்தான். இயந்திரத்தை அணைத்தான். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். "காரு அங்கயே நிக்குதா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் அவனுக்கு மன்னிக்கவில்லை. வெகுநாள் மன்னிக்கவில்லை.

என் பெயர் காஸ். இந்த ஊர்க் கடைத்தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். எப்பேர்ப்பட்ட ஊமையும் என் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணியைக் கட்டிவிட்டால் வாயைத் திறந்துவிடுவான். யார் பெண்டாட்டி யாரோடு பேசவில்லை, யார் மான் சுட்டதாகப் புளுகினான், எல்லாம் எனக்கு வந்து சேரும். ஆரின் மட்டும் இத்தனை வருஷத்தில் "பின்னாடி கொஞ்சம் குறை" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவன் ஸ்வீடன் வம்சம். நாங்கள் போலந்து வம்சம். எங்கள் வீட்டில் ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் மூன்று பேர் பதில் சொல்லியிருப்பார்கள். அவர்கள் வீட்டில் உப்பு வேண்டுமென்றால் உப்புக் குடுவையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இவனிடம் என்னத்தைக் கண்டு மயங்கினாய் என்று ஸ்டாஷாவிடம் கேட்டிருக்கிறேன். "நம்ம வீட்ல வளந்தவளுக்குக் கொஞ்சம் அமைதி வேணாமா அண்ணே?" என்றாள்.

பேரிங் தொழிற்சாலையில் அவன் தேய்ப்பு வேலை பார்த்தான். தொழிற்சாலையைத் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள். வேலை போன மற்றவர்கள் குடித்தார்கள், சண்டை போட்டார்கள், சிலர் இன்ஷூரன்ஸ் விற்கிறேன் என்று என் கடைக்கு வந்து உயிரை வாங்கினார்கள். ஆரின் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குளிர்காலம் முடிந்து கதவைத் திறந்தபோது கையில் ஒரு சவரக்கத்தி இருந்தது. மடக்குக் கத்தி, பழைய அரத்திலிருந்து செய்தது. என்னிடம் நீட்டினான். நான் அங்கேயே என் முன்கை மயிரில் ஓட்டிப் பார்த்தேன். பட்டதே தெரியவில்லை.

"கத்தி அபாரம் மாப்ளே. பிடிதான் விறகு மாதிரி இருக்கு," என்றேன்.

ஸ்டாஷா சிரித்துக்கொண்டே, "எங்க, பாக்கலாம்," என்று வாங்கினாள். கூர் பார்க்கிறேன் பேர்வழி என்று வலது கட்டைவிரலை அதன்மேல் வைத்து இழுத்தாள். கோணலாக, ரேகையின் குறுக்கே, எலும்பு வரைக்கும் போய்விட்டது. அவளே ஒரு நிமிஷம் கழித்துத்தான் பார்த்தாள். அன்றைக்கு மருத்துவமனைக்கு வண்டி ஓட்டியவன் ஆரின். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு எதையும் பார்க்கவில்லை. பின்சீட்டில் ஸ்டாஷா சிரித்துக்கொண்டிருக்க, ஓட்டுகிறவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் இருந்தவரை அவன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

காயம் ஆறியதும் பிடி வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். அதுவரை அழகு நிலையத்தில் நகம் பூசுகிற வேலை பார்த்தவள். மெல்லிசாகப் பூசுவது, காயவிடுவது, அராவுவது, மறுபடி பூசுவது, மினுக்குவது எல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. "மரமும் நகம் மாதிரிதான். என்ன, வாயாடாது," என்பாள்.

சவரக்கத்தியின் பிடி என்பது இரண்டு மெல்லிய மரப்பட்டைகள். கத்தி மடங்கி அவற்றின் நடுவில் உட்காரும். அந்தப் பட்டைகளைத்தான் அவள் சூப்பர் க்ளூவால் பூசுவாள். ஆமாம், உடைந்த கோப்பை ஒட்டுகிற அதே பசைதான். தண்ணீர் போன்ற பசையில் ஒரு சொட்டை விட்டு, பிளாஸ்டிக் உறை சுற்றிய விரலால் ஒரே இழுப்பு. இறுகியதும் இன்னொரு பூச்சு. மேலே மேலே போட்டு, பிறகு ஈர உப்புத்தாளால் தேய்ப்பாள். முதலில் முரடு, அப்புறம் நைஸ், அதைவிட நைஸ். ஓரத்தில் ஒரு தேய்ப்பு கூடிப்போனால் பூச்சு கிழிந்து மரம் பல்லிளிக்கும், மறுபடி முதலிலிருந்து. கடைசியில் மெழுகு வைத்து ஃபிளானல் துணியால் மினுக்குவாள். முடிந்த பட்டையில் தன் முகத்தைப் பார்த்து லிப்ஸ்டிக் போட்டுக்காட்டுவாள்.

அந்த வீட்டில் அவள் சட்டம்தான். முடிந்த பிடியை வெறுங்கையால் தொடக்கூடாது. பருத்திக் கையுறை போட்டு ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். நான் போனாலே, "அண்ணே, கையைப் பாக்கெட்ல போடு," என்பாள். ஆனால் பசை வேலை செய்யும்போது கையுறை கூடாது. பருத்தியில் அந்தப் பசை ஊறினால் நெருப்பாகச் சுடும், புகையும். முடிந்த பட்டைகள் தூசி படாமல் இருக்க ஒரு பழைய மீன்தொட்டிக்குள் கம்பியில் தொங்கும். அதே தொட்டியில் ஈரப்பட்டையைத் தொங்கவிடக்கூடாது. பசையின் ஆவி போய் முடிந்ததன்மேல் வெள்ளையாகப் படியும், உழைத்தது அத்தனையும் பாழ்.

இன்னொன்றும் உண்டு. மனசுக்குப் பிடித்த எதையும் அவள் பூச்சு போடாமல் விடமாட்டாள். மேப்பிள் இலை, செத்த வண்ணத்துப்பூச்சி, பஃபலோ நகரத்து அணி அதிசயமாக ஜெயித்த ஆட்டத்தின் டிக்கெட், எங்கள் அம்மா கடைசியாகச் சுட்ட கிறிஸ்துமஸ் பிஸ்கட் ஒன்று. எல்லாம் பளபளவென்று சமையலறை ஜன்னலில் நிற்கும். "வச்சுக்கணும்னா பூசிடு," என்பாள். அந்த பிஸ்கட்டை நான் ஒருதடவை கடித்துவிட்டேன். என் பல்தான் ஆடியது.

அவள் சாவதற்கு முன்பு கடைசியாக முடித்தது ஒரு கருங்காலிப் பிடி. ஓரிகான் பக்கத்து மனுஷர் ஒருவர் கேட்டிருந்தார். ஆணி அடித்துக் கத்தியைப் பொருத்தவேண்டியது ஆரினின் வேலை. அதற்குள் அவள் போய்விட்டாள். இரண்டு கரும்பட்டைகளும் அவள் தொங்கவிட்டபடியே தொட்டிக்குள் தொங்கின. ஓரிகான்காரர் விஷயம் கேள்விப்பட்டு, அவசரமே இல்லை என்று சொல்லியனுப்பினார்.

ஜனவரி வந்தது. எங்கள் ஊர் ஜனவரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பனிதான். திங்கட்கிழமை எனக்குக் கடை விடுமுறை. என் மனைவி செய்த பியரோகியை, எங்கள் போலந்துக் கொழுக்கட்டையை, ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் பனியை நூல் பிடித்த மாதிரி வழித்துவைத்திருந்தான். அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வந்தது. பெண்டாட்டி செத்தவன் வாசல் அப்படியா இருக்கும்?

கராஜில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேப்பிள் பட்டைக்குப் பசை பூசிக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ளே, இருக்கியா?"

"இருக்கேன்."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்ட?"

யோசித்தான். "தெரியல மச்சான்."

பட்டையைப் பார்த்தேன். பசை ஓரத்தில் வழிந்து சொட்டாகத் தொங்கியது. "ஒழுகுது பாரு. ஸ்டாஷா பாத்தா உன்னை முட்டி போட வச்சிருப்பா."

"ஆமா," என்றான். சொட்டைத் துடைத்தான். "பழகறேன். ஓரிகான்காரர் கத்திக்கு ரெண்டு பட்டையும் ரெடியா இருக்கு. வெள்ளிக்கிழமை ஆணி அடிச்சு அனுப்பிடுவேன். அடுத்த ஆர்டருக்குப் பிடி போட ஆளில்ல. நாந்தான் போடணும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு தொட்டியைப் பார்த்தேன். "எதை? அதையா? அதையா அனுப்பப்போற?"

"அவருடையதுதானே."

"அவ கை கடைசியாப் பட்ட சாமான்டா அது. வேற செஞ்சு குடு. அந்த மனுஷன் வேணாம்னா சொல்லப்போறான்?"

"அவ முடிச்சிட்டா. முடிச்சதை அனுப்பறதுதான் வேலை."

"வேலை," என்றேன். "நீயெல்லாம் மனுஷனா, இல்ல அந்த மெஷினா? அடக்கத்துக்கு வந்து நாற்காலி அடுக்கற. தினம் பனி வழிக்கற. ஒரு நாள், ஒரே ஒரு நாள் உனக்கு வலிச்சுதாடா? கல்லுளிமங்கா."

நான் கத்தினால் தெருமுனை வரை கேட்கும். அவன் அசையவில்லை. கோபமும் படவில்லை. நான் கேட்டதை நேர்மையாக யோசித்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

"பல்லுக்கு ஊசி போட்டப்புறம் உதட்டைக் கடிச்சுப் பாப்போம்ல," என்றான். "அப்படி இருக்கு மச்சான். கடிக்கிறது தெரியுது. வேற ஒண்ணும் தெரியல. நானும் காத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அத்தனை நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசுக்குள் அவனோடு சண்டை போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பிடியைத் திருடிக்கொண்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் மதியம் கடையில் பாதி வெட்டிய தலையோடு ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. ஆரின். அவனாகக் கூப்பிட்டதே அபூர்வம்.

"மச்சான், நேத்து நீ தொட்டிக்குள்ள கை விட்டியா?"

"என்னது?"

"கருங்காலிப் பட்டைல வெரல் தடம் இருக்கு."

"நான் தொடவே இல்ல."

"நீ வந்தா எதையாவது எடுத்துப் பாப்ப."

எனக்கு வந்ததே கோபம். இருந்த தலையை எப்படி முடித்தேன் என்று தெரியாது, அந்த மனுஷர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போனபோது ஆரின் தொட்டியின் முன்னால் நின்றான். கையில் ஸ்டாஷாவின் பருத்திக் கையுறை. என்ன நடந்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. குளிர்காலக் காற்று காய்ந்து கிடக்கும், ஈரம் இல்லாமல் இந்தப் பசை சீக்கிரம் இறுகாது. ஸ்டாஷா காலியான தொட்டிக்குள் ஈரப்பட்டையைத் தொங்கவிட்டு, கூடவே ஒரு கோப்பை வெந்நீரும் ஒரு பல்பும் வைத்து மூடிவிடுவாள். அதை இவன் பார்த்திருக்கிறான். அதேபோல வைத்திருக்கிறான். ஆனால் அவளுடைய கரும்பட்டைகளை வெளியே எடுக்க மறந்துவிட்டான். இரவு முழுக்கப் பசையின் ஆவி உள்ளே சுற்றியிருக்கிறது. தொட்டியின் கண்ணாடியே பால் பட்டது போல மங்கிக் கிடந்தது.

ஒரு பட்டையை ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். கறுப்பின்மேல் லேசான வெண்மை. அதன் நடுவில், பிடித்தால் கட்டைவிரல் எங்கே உட்காருமோ அங்கே, பளிச்சென்று ஒரு கைரேகை. கோடு கோடாக, வெள்ளை வெளேரென்று.

"இது நான் இல்ல," என்றேன். "என் வெரல் இருக்கவே இருக்கு, பாத்துடலாம்."

மேஜைமேல் இருந்த கிரீஸை என் கட்டைவிரலில் தடவி ஒரு காகிதத்தில் அழுத்தினேன். என் ரேகை அகலம், நடுவில் வட்டச்சுழி. பட்டையில் இருந்தது ஒடுங்கலாக, ஒரு பக்கம் சாய்ந்து இருந்தது.

"இப்ப உன்னுது," என்றேன்.

கையுறையைக் கழற்றி அவனும் அழுத்தினான். காகிதத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்தது, ரேகையே இல்லை. இத்தனை வருஷம் கல்லில் தேய்த்துத் தேய்த்து அவன் விரல்களில் ஒன்றும் மிச்சமில்லை. அதைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை. மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டான்.

"பின்ன யாரு?" என்றான். "யாரும் இங்க வர்றதில்ல."

பட்டையைக் கொஞ்சம் சாய்த்தான். ரேகைகளின் குறுக்கே கோணலாக ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டில் மட்டும் வெள்ளை இல்லை. ஒரு பக்கத்து ரேகையும் மறுபக்கத்து ரேகையும் அங்கே ஒன்றோடொன்று சேராமல் விலகி நின்றன, அவசரத்தில் தைத்த துணியின் கோடுகள் போல.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

எல்லோரையும் கையைப் பாக்கெட்டில் போடச் சொன்னவள், யாரும் பார்க்காதபோது தான் மட்டும் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அவள் விரலின் பிசுக்கு இத்தனை மாதமும் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்திருக்கிறது, பசையின் ஆவி அதன்மேல் படிந்து காட்டிக்கொடுத்துவிட்டது. திருட்டுக் கழுதை. நான் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல். எனக்கு அழுகை எப்போதும் தயாராக இருக்கும். ஆரின் நின்றபடியே நின்றான்.

"தொட்டாப் போயிடும் இது," என்றான். "ஊதினாக்கூடப் போயிடும்."

"ஒண்ணும் பண்ணாத," என்றேன் மூக்கைச் சிந்திக்கொண்டு. "என் போன் வண்டில கிடக்கு. எடுத்துட்டு வரேன். மொதல்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குவோம்."

"சரி," என்றான்.

வெளியே பனி கொட்டியது. வண்டியின் கதவு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, தோளால் மோதித் திறக்கவேண்டி வந்தது. போன் சீட்டுக்கு அடியில் போய்விழுந்திருந்தது. அதைத் துழாவி எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

ஆரின் மேஜையில் குனிந்திருந்தான். இடது கையில் பட்டை, வலது கையில் பசைப் புட்டி.

"என்ன பண்ற?"

"பூசிட்டேன்," என்றான். "இனிமே போகாது."

அந்த வீட்டில் எதை வைத்துக்கொள்ள வேண்டுமென்றாலும் அதைத்தான் செய்வார்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஈரப் பசை ரேகையின்மேல் பளபளவென்று நின்றது. அதற்கடியில் வெள்ளை கரைந்துகொண்டிருந்தது. தண்ணீரில் போட்ட சர்க்கரை மாதிரி, ஓரத்திலிருந்து உள்ளே. அந்த வெள்ளையும் பசைதானே. பசையின்மேல் பசையை ஊற்றினால் இரண்டும் கலந்து கண்ணாடியாகிவிடும். அது ஸ்டாஷாவுக்குத் தெரிந்திருக்கும். ஆரினுக்குத் தெரியாது. கோணல் கோடு கொஞ்சம் தாமதித்தது. பிறகு அதுவும் போய்விட்டது. கருங்காலி கன்னங்கரேலென்று, சுத்தமாக, அழகாக இருந்தது.

"இல்ல," என்றான் ஆரின்.

கையுறை போட்ட கட்டைவிரலால் அந்தப் பசையைத் துடைக்கப் பார்த்தான். துடைத்தால் அடியில் அவள் இருப்பாள் என்று நினைத்தானோ என்னவோ. அவள் விரல் இருந்த அதே இடத்தில் அழுத்தித் தேய்த்தான். பருத்தி பசையை உறிஞ்சியது. மெல்லிய வெண்புகை ஒன்று விரலிலிருந்து எழுந்தது.

"கைய எடு மாப்ளே. புகையுது."

அவன் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது யாருடைய கையோ என்பது போல. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். விரல் வரவில்லை, கையுறையோடு சேர்ந்து பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கருகிய வாடையும் பசையின் காரமும் சேர்ந்து என் கண்ணை எரித்தது.

"ஆரின், சுடலையாடா உனக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். வாய் கொஞ்சம் திறந்தது.

"சுடுது," என்றான்.

அவனை அப்படியே வெளியே இழுத்துக்கொண்டு போய், அவன் நூல் பிடித்து வழித்துவைத்த பனிக்குவியலில் கையை முழங்கை வரை சொருகினேன். அவன் முட்டி போட்டு விழுந்தான். "சுடுது மச்சான். ரொம்பச் சுடுது," என்றான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்தது பேச்சு இல்லை. பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. நான் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் முட்டி போட்டேன். எங்கள் இரண்டு பேர் தலையிலும் பனி விழுந்தது. கார் ஓட்டிக்கொண்டே அவன் அழுத அழுகைதான் அது, நான் மறக்கவில்லை.

சூடு அடங்கியபின் உள்ளே கூட்டிவந்து சமையலறையில் உட்காரவைத்தேன். ஸ்டாஷாவின் நகச் சாமான் பெட்டியில் நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கும், ஒட்டிய விரலை அதுதான் பிரிக்கும். எடுத்துக்கொண்டு வந்து மூடியைத் திறந்தேன்.

"கொஞ்சம் இரு மச்சான்," என்றான்.

பட்டையோடு ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் மூடியைப் போட்டேன். பியரோகியைச் சூடுபண்ணி வைத்தேன். இடது கையால் சாப்பிட்டான். எல்லாவற்றையும் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை எதுவும் அனுப்பவில்லை. ஓரிகான்காரருக்கு வேறு கருங்காலியில் வேறு பிடி, ஆரினே பூசியது, வசந்தம் வந்தபிறகு போயிற்று. அவருக்குப் பிடித்திருந்ததாம். ஸ்டாஷாவின் பட்டையில் கையுறையின் நூல்கள் கட்டைவிரல் அகலத்துக்கு ஒட்டி இறுகி நிற்கின்றன. ஒரு நாள் தேய்த்தால் எடுத்துவிடலாம். அவன் எடுக்கவில்லை. அப்படியே ஆணி அடித்து, முதன்முதலில் செய்த அந்த அரக் கத்தியைப் பொருத்திக்கொண்டான். தினம் அதில்தான் சவரம். பிடித்தால் விரல் சொரசொரப்பில் போய் உட்காருகிறது.

அவன் கட்டைவிரல் நுனியில் தோல் வழன்று புதுத்தோல் வந்திருக்கிறது. ரேகை வரவில்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் குளிர் நன்றாகத் தெரிகிறதாம்.

போன வாரம் முடி வெட்ட வந்தான். கழுத்தில் துணியைக் கட்டினேன். வழக்கம்போல "பின்னாடி கொஞ்சம் குறை" என்பான் என்று கத்தரியை எடுத்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"மச்சான், ஸ்டாஷா கட்டைவெரல்ல அந்த வெட்டு எப்படி வந்துச்சு, உனக்குத் தெரியுமா?"

காரில் நான் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கும் அது தெரியும்.

"தெரியாதே," என்றேன். "சொல்லு."